தங்கப்பழம் வாசித்த மனு

பாளையங்கோட்டை வக்கீல் நவமணியிடம் ஜூனியராகச் சேர்ந்த ஏழாவது மாதத்தில், செல்வின் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டான்.

"மேடம், மனுவை எழுதுறது நான். திருத்துறது நீங்க. அதுக்கப்புறமும் அது எதுக்குத் தங்கப்பழம் அண்ணாச்சி கைக்குப் போகணும்?"

தங்கப்பழம் அந்த அலுவலகத்தின் குமாஸ்தா. கேஸ் கட்டுகளை அடுக்குவது, கோர்ட்டில் நம்பர் வாங்குவது, வாய்தா குறிப்பது எல்லாம் அவர்தான். கையெழுத்துப் போடுமுன் கட்சிக்காரருக்கு மனுவை வாசித்துக் காட்டுவதும் அவர்தான்.

"நாலு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் மேடம். நான்னா பத்து நிமிஷத்துல முடிச்சிருவேன்."

"அப்படியா? முப்பிடாதி வந்திருக்கா. இன்னைக்கு நீயே வாசிச்சுக் காட்டு" என்றார் நவமணி.

முப்பிடாதிக்கு இருபத்து மூன்று வயது. மூன்று வயது மகனைக் கணவன் கொண்டுபோய்ப் பதினோரு நாள் ஆகிறது. பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கும் அவளுடைய மனு, மறுநாள் காலை குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகிறது.

செல்வின் கோட்டைச் சரிசெய்துகொண்டு வாசித்தான். கணீரென்ற குரல். எங்கேயும் தடுக்கவில்லை. பக்கம் முடியும்போதெல்லாம், "புரியுதாம்மா?" என்றான்.

"சரிங்க சார்."

"எல்லாம் சரிதானே?"

"சரிங்க சார்."

ஒன்பது நிமிஷம். செல்வின் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நவமணியைப் பார்த்தான்.

"நல்லா வாசிச்ச" என்றார் அவர். "அண்ணாச்சி, இப்ப நீங்க."

தங்கப்பழம் மேஜைக்கு எதிரே உட்காரவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயி, நான் பத்தாங்கிளாஸோட நின்னவன். சார் மாதிரி வேகமா ஓட்டத் தெரியாது. தப்பா வாசிச்சா தலையில ஒரு குட்டு வையி."

முப்பிடாதி லேசாகச் சிரித்தாள். அந்த அலுவலகத்துக்குள் வந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அவர் இரண்டு வரி வாசிப்பார், நிறுத்துவார். "கல்யாணம் கோயில்லயா, மண்டபத்துலயா? சாப்பாடு எப்படி?" என்பார். பதிலைக் கேட்டுக்கொண்டுதான் அடுத்த வரி. செல்வின் பேனாவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஏழாவது பத்தி வந்தது.

"'மேற்படி தேதியில் மனுதாரராகிய நான், மைனர் குழந்தையை எனது சுயவிருப்பத்தின் பேரில் எதிர்மனுதாரர் வசம் ஒப்படைத்துவிட்டு...' இரு, இரு. எனக்கு விளங்கலை தாயி. பிள்ளையை நீ குடுத்த, அவன் வாங்கிக்கிட்டான். அப்ப பிள்ளை அழுதானா?"

தங்கப்பழம் அடுத்த வரிக்குப் போகவில்லை. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. அவர் காத்திருந்தார்.

"நான் குடுக்கலையே அண்ணாச்சி."

"குடுக்கலையா?"

"எங்கம்மா வீட்டு வாசல்ல வச்சு அவனுக்குச் செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். 'ஒரு ரவுண்டு போயிட்டு வாரோம்'னு அவுக பைக் டேங்க்ல தூக்கி வச்சுக் கிளம்பிட்டாக. இன்னொரு காலு செருப்பு என் கையில. தெருமுக்கு வரைக்கும் ஓடினேன்."

"சார் வாசிச்சப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சாருக்குத் தெரியாததா? கோர்ட்டுக்கு அப்படித்தான் எழுதணும் போலன்னு நெனச்சேன். பிள்ளை கெடைச்சாப் போதும்னு..."

அந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியே செல்வினுக்குத் தெரிந்துபோயிற்று. போன மாதம் வேறொரு பெண்ணுக்கு எழுதிய மனுவை எடுத்துத்தான் பேரையும் தேதியையும் மாற்றியிருந்தான். அவள் திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டுப் போனவள்.

பத்தியைப் புதிதாக டைப் அடித்தார்கள். தங்கப்பழம் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். எல்லாம் முடிந்து, முப்பிடாதி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

செல்வின் நவமணியின் மேஜை முன்னால் போய் நின்றான்.

"இந்தத் தப்பைக் காட்டத்தான் என்னை வாசிக்கச் சொன்னீங்களா மேடம்?"

"தப்பு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து நீங்க திருத்தினீங்களே."

"திருத்தினேன். ஏழாவது பத்தியில ஒரு கமா போட்டேன்."

செல்வின் கேட்டான்.

"அண்ணாச்சி இன்னைக்கு லீவு போட்டிருந்தா?"

"நாளைக்கு நான் எந்திரிச்சு நின்னு, பிள்ளையை இவளாத்தான் குடுத்தாள்னு ரொம்ப நல்லா வாதாடியிருப்பேன்" என்றார் நவமணி. "அவளும் பின்னாடி நின்னு தலையாட்டியிருப்பா."