பலின்னே போயிடலாம்

நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் தணிகாசலம். தன்னைவிட வயதில் இளையவரான நாச்சியம்மையைக் குருவாக ஏற்றிருந்தார். அன்று மதியம் மடத்துக்கு வந்தவர் செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே வந்துவிட்டார்.

"என்னங்கய்யா, போர் இங்கேயும் வந்துடுச்சா?" என்றார் குரு.

அவர் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். அச்சுக்குப் போகவேண்டிய பக்கத்தை விரித்தார்.

"ரொட்டிக்கடை வரிசையில நின்ன சனங்க மேல குண்டு போட்டுட்டாங்கம்மா. 'ரொட்டிக்கு நின்றவர்களைக் கொன்றது விமானப்படை'ன்னு தலைப்பு வச்சேன். ஆசிரியர் அதை அடிச்சுட்டார். இப்ப இதுதான்."

'ரொட்டி வரிசையில் குண்டு: பலர் பலி' என்றிருந்தது.

"நான் சரின்னு சொன்னா அச்சுக்குப் போகும். சொல்லலேன்னா நாளையிலேர்ந்து வரவேண்டாமாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பதிலுக்குத் தன் செல்போனை நீட்டினார். அதே கடை எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு குத்துப்பாட்டு. மேலே, 'விமானப்படையின் தரமான சம்பவம்' என்று யாரோ போட்டிருந்தார்கள். கீழே சிரிக்கும் முகங்களும் இதயங்களும்.

"இதைப் பாருங்கம்மா. இதுக்கு எங்க பேப்பர் எவ்வளவோ மரியாதை இல்லையா?"

"இதுல செஞ்சது யாருன்னு இருக்கே. உங்க பேப்பர்ல எங்க?"

தணிகாசலம் தலைப்பை மறுபடி படித்தார்.

குரு எழுந்தார். "வாங்க, எதிர்ல கிடாவெட்டு."

முனியப்பன் கோயில் வாசலில் கிடா மாலையோடு நின்றது. பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா சும்மா நின்றது. மறுபடி தெளித்தார். அது மாலையைத் தின்னத் தொடங்கியது. படம்பிடித்துக்கொண்டிருந்த ஒருவன், "ஆட்டுடா மாப்ள, லைவ் ஓடுது" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அரிவாளோடு நின்றவர் மட்டும் அசையவில்லை.

"ஏன் சும்மா நிக்கிறார்?" என்றார் குரு.

"சாமி உத்தரவு வரணும்ல. உடம்பைச் சிலிர்த்துத் தலையை ஆட்டினாத்தாம்மா பலி."

"ஆட்டாம வெட்டினா?"

"கொலை" என்றார் தணிகாசலம். சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

செல்போன் அடித்தது. ஆசிரியர்தான்.

"அண்ணே, பக்கம் காத்துக்கிட்டிருக்கு. நாம யார் பக்கமும் இல்லண்ணே. பலின்னே போயிடலாம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கும் வயசாயிடுச்சு, இனிமே வேற எங்க போவீங்க?"

தணிகாசலம் செல்போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அம்மா, என்ன சொல்லட்டும்?"

"தண்ணி இப்ப உங்க மேல தெளிக்கிறாங்கய்யா. தலையை ஆட்டாதீங்க."