உச்சியில் நின்ற சாக்பீஸ்

கோவில்பட்டியில் பிசிக்ஸ் டியூஷன் என்றால் தில்லைநாயகம் சார்தான். அவர் பாடம் நடத்தினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அன்றைக்குச் சாக்பீஸை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"உச்சிக்குப் போனதும் வேகம் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம்!" என்று பலகையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.

கடைசி வரிசை செண்பகவல்லி மட்டும் பூமி கீழே இழுக்கும் முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று எழுதியிருந்தாள். நோட்டைப் பார்த்த சாருக்குச் சுருக்கென்றது.

"எனக்கே பாடம் எடுக்கியா? பெஞ்சு மேல ஏறு. பூஜ்யம்னு ஒத்துக்கிட்டாத்தான் இறங்கணும்."

ஏறி நின்றவள் கையை நீட்டினாள்.

"ஒத்துக்கிடுதேன் சார். இன்னொரு தடவை தூக்கிப் போடுங்க."

"எதுக்கு?"

"வேகமும் இல்ல, கீழ இழுக்கவும் ஒண்ணுமில்லன்னா அது உச்சியிலேயே நின்னுக்கிடும்லா? நான் உயரத்துலதான நிக்கேன், எடுத்துத் தாரேன்."

பிள்ளைகள் சிரித்திருந்தால்கூட அதட்டிச் சமாளித்திருப்பார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவர் கையிலிருந்த சாக்பீஸையே பார்த்தார்கள். தூக்கிப் போட அவருக்குக் கை வரவில்லை.

"இறங்கும்மா" என்றார். அது முதல் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

பலகையிலிருந்த பூஜ்யத்தைக் கையாலேயே அழித்தார். பக்கத்துச் சுவரில் அவரிடம் படித்து இன்ஜினியரானவர்களின் போட்டோக்கள் வரிசையாகத் தொங்கின. அத்தனை பேருக்கும் அந்தப் பூஜ்யத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியவர் அவர்தான். வகுப்பு முடியும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.