மேகப்பாறைக்கு முள்ளி போன வழி

மலையடிக் காட்டில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு முள்ளம்பன்றிப் பொந்து. அதில் முள்ளியும் அவள் வீட்டுக்காரன் கூரனும் குடியிருந்தார்கள்.

முள்ளிக்கு ஒரு பின்னங்கால் விளங்காது. தோட்டத்து வேலியோரம் யாரோ வைத்த இரும்புப் பொறியில் மாட்டி நசுங்கிய கால் அது. உயிர் தப்பியதே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். முள்ளியும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் தப்பிப் பிழைத்த உயிருக்கு நாலு ஆசை இருக்கக் கூடாதா? சமதரை என்றால் அந்தக் காலை இழுத்துக்கொண்டே எவ்வளவு தூரமும் நடப்பாள். பாறையில் தொற்றி ஏறவும் பள்ளத்தைத் தாவவும்தான் முடியாது.

அந்தக் காட்டின் பெருமையோ மலை உச்சியில் இருந்தது. அதற்கு மேகப்பாறை என்று பெயர். மழை ஓய்ந்து பனி இறங்கும் பருவத்தில், விடிகிற நேரத்தில் அங்கே போய் நின்றால் மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடக்கும். அதைப் பார்க்கப் பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் மிருகங்கள் வரும். அவர்களை அழைத்துப் போய்க் காட்டுவது சிங்காரம் என்ற குரங்கின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவனாகவே எடுத்துக்கொண்டது.

பருவம் வந்ததும் சிங்காரம் குளக்கரை நாவல் மரத்தின் உச்சாணிக் கிளையில் ஏறிக்கொண்டு கூவுவான்.

"எல்லாரும் வரலாம்! மேகப்பாறை எல்லாருக்கும் பொது!"

அவன் மனதாரத்தான் கூவினான். அவன் அழைத்துப் போகும் வழியில் ஒரு வழுக்குப்பாறை உண்டு. வேரைப் பிடித்துத் தொங்கி ஏறும் இடம் உண்டு. ஓடையைத் தாண்ட ஒற்றை மரக்கட்டை உண்டு. குரங்குக்கு இதெல்லாம் தடையாகத் தெரியுமா? விளையாட்டாகத்தானே தெரியும். 'எல்லாரும்' என்று அவன் சொன்னபோது அவன் மனதில் இருந்தவர்கள் தாவத் தெரிந்தவர்கள் மட்டுமே.

ஒவ்வொரு வருஷமும் அந்தக் கூவலைக் கேட்டதும் முள்ளி கூரனிடம் சொல்வாள்.

"நீங்களாவது போயிட்டு வாங்களேன்."

"எனக்கெதுக்கு புள்ள அதெல்லாம்? அங்க ஒரே குளிரு" என்பான் கூரன்.

ஆனால் மலையிறங்கி வருகிறவர்கள் குளத்தில் தண்ணீர் குடிக்கும்போது மெல்லப் பக்கத்தில் போய் நிற்பான். "இன்னைக்கு மேகம் நல்லா இறங்கியிருந்துச்சா?" என்று கேட்பான். அந்தக் குரலில் இருக்கும் ஏக்கம் பொந்துக்குள் இருக்கும் முள்ளிக்குத் தெளிவாகக் கேட்கும். தன்னை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறான். அதை நினைத்தால் அவளுக்குப் பாசமும் பொங்கும், கோபமும் பொங்கும். மேகப்பாறையைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். அவனோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை.

இந்த வருஷம் கூவல் கேட்டதும் முள்ளி பொறுக்கமாட்டாமல் மரத்தடிக்கே போய்விட்டாள்.

"சிங்காரம், எல்லாரும் வரலாம்னு சொன்னியே. நான் வரலாமா?"

சிங்காரத்துக்குக் கூவின வாய் அப்படியே நின்றுபோனது. அவளைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான். பிறகு அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"தாராளமா வாங்கக்கா! உங்களைத் தூக்கிட்டுப் போக நாங்க இல்லையா?"

"என்னையா? வேணாம்ப்பா, நீ கொஞ்சம்..."

அவள் முடிப்பதற்குள் கீழே குதித்து இரண்டு கைகளாலும் அவளை வாரி எடுத்தான். அவன் போட்ட அலறலில் குளத்துக் கொக்குகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்தன.

கூரன் வந்து சிங்காரத்தின் உள்ளங்கையில் ஏறிய முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டான். முள்ளி கூனிக்குறுகிப் போனாள். முள்ளம்பன்றியாய்ப் பிறந்தது அவள் குற்றமா?

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மொக்கையன். அவன் கரடி. உடம்பும் பெரிது, மனசும் பெரிது. "தேக்கு இலையைப் பறிச்சு நாலு சுத்துச் சுத்திட்டா முள்ளு எங்க குத்தப்போகுது?"

மறுநாள் விடியுமுன் அப்படியே செய்தார்கள். முள்ளியை இலைமேல் இலையாகச் சுற்றிக் கொடியால் கட்டி மொக்கையன் தோளில் ஏற்றினார்கள். பார்க்கப் பெரிய கட்டுச்சோற்றுப் பொட்டலம் போல இருந்தது. சிங்காரம் முன்னால் குதித்துப் போனான். கூரன் பின்னால் இடறி விழுந்து எழுந்து ஓடினான்.

பொட்டலத்துக்குள் இருட்டு. வழியில் ஓடைச் சத்தம் கேட்டது. "கொஞ்சம் நில்லு தம்பி, ஓடையைப் பாத்துட்டுப் போலாம்" என்றாள் முள்ளி.

"இந்த ஏத்தத்துல நின்னா ரெண்டு பேரும் உருண்டுருவோம்க்கா" என்றான் மொக்கையன், மூச்சிரைக்க.

கொஞ்ச தூரம் போனதும் கட்டு இறுகி, விளங்காத கால் மடங்கி வலித்தது. சொல்லத் தயங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். வழியில் எதிரே வந்த மான்கள் ஒதுங்கி நின்று, "ஐயோ பாவம்" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"இறக்கிவிடு தம்பி."

"இன்னும் பாதி தூரம்தான்க்கா."

"இறக்கிவிடுன்னு சொல்றேன்ல."

கட்டை அவிழ்த்தார்கள். முள்ளி வெளியே வந்து மூச்சு விட்டாள். மொக்கையன் முகம் வாடிக் கிடந்தது. சிங்காரத்துக்கோ கோபமே வந்துவிட்டது.

"இவ்வளவு பாடுபட்டுத் தூக்கிட்டு வர்றோம். இப்படிச் சொன்னா எப்படிக்கா?"

"உங்க ரெண்டு பேரு மனசும் தங்கம்ப்பா" என்றாள் முள்ளி. "ஆனா தும்மல் வந்தாக்கூட உங்களைக் கேட்டுட்டுத்தான் தும்மணும்போல இருந்துச்சு. நிக்க ஆசைப்பட்ட இடத்துல நிக்க முடியல. பொட்டலமாப் போறதுக்கு நான் போகாமலே இருந்துக்கிறேன்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"எனக்கும் தெரியல. ஆனா நீ என்னைக் கேக்குறது இதுதான் முதல் தடவை."

சிங்காரம் தலையைச் சொறிந்தான். கூரன் அவளைப் பாறைச் சரிவில் சறுக்கவிட்டும், மற்ற இடத்தில் பக்கத்திலேயே நடத்தியும் கூட்டிக்கொண்டு இறங்கினான். இறங்கி முடிப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. பொந்துக்கு வந்த பிறகு, "விடு புள்ள" என்றான். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் முள்ளி அழுதுவிட்டாள்.

அன்று மாலை மருதாயி குளத்துக்கு வந்தாள். மருதாயி யானை. மலைமேலிருந்து இறங்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சொல்லிக் காடே கேலி செய்யும். "மூக்கைத் தொடத் தலையைச் சுத்துற ஆளு" என்பான் சிங்காரம். மருதாயி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவள் காதுக்கு அது எம்மாத்திரம்?

அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்த முள்ளி, அவள் நடந்து வந்த தடத்தைப் பார்த்தாள். எத்தனையோ முறை பார்த்த தடம்தான். அகலமாக, சீராக, மெல்ல வளைந்து மேலே போனது. முள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க தடம் எதுவரைக்கும் போகுது?"

"மேகப்பாறை வரைக்கும். அங்க மூங்கில் நல்லாருக்கும்."

"செங்குத்தா ஏறுமா?"

"என் உடம்பை வச்சுக்கிட்டுச் செங்குத்தா ஏறுறதா? குரங்கு வழியில போனா நான் நேரா இந்தக் குளத்துலதான் வந்து விழுவேன். மலையைச் சுத்திச் சுத்திப் போவேன். ஏறுறதே தெரியாது."

"என்னால போக முடியுமா அத்தை?"

மருதாயி தும்பிக்கையை உயர்த்தி ஒருமுறை யோசித்தாள்.

"அதை நீதான் சொல்லணும். வழி எப்படின்னு வேணும்னா சொல்றேன். மழையில நான் நடந்த இடமெல்லாம் கால் பதிஞ்சு, குழி குழியாக் காஞ்சு கிடக்கு. உனக்கு ஒவ்வொன்னும் ஒரு கிணறு. பாதி வழியில தண்ணி அரிச்ச பள்ளம் ஒன்னு இருக்கு. எனக்கு அது ஒரு எட்டு. உனக்கு அது ஒரு ஆறு."

முள்ளிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. முடியும் என்று யாரும் தட்டிக்கொடுக்க வேண்டாம், முடியாது என்று கைவிரிக்கவும் வேண்டாம். வழி இப்படித்தான் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னால் போதாதா? மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

மறுநாள் கூரனோடு முதல் வளைவு வரை போய்ப் பார்த்தாள். முதல் குழியிலேயே தொப்பென்று விழுந்தாள். கூரன் பதறினான். அவளோ குழிக்குள்ளிருந்து சிரித்தாள்.

"அத்தை பொய் சொல்லல. நிஜமாவே கிணறுதான்."

திரும்பி வந்ததும் சிங்காரத்தையும் மொக்கையனையும் கூப்பிட்டாள்.

"யானைத் தடத்துல குழியை நிரப்பணும். நடுவுல இருக்கிற பள்ளத்தைத் தூர்க்கணும். பாதி வழியில உக்கார நிழலா ஒரு இடம் வேணும். அவ்வளவுதான். நடக்கிறதை நான் பாத்துக்கிறேன்."

சிங்காரத்துக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. "தடம் தொடங்குற இடத்துல பூவால ஒரு வளைவு வைப்போமாக்கா? பெருசா?"

"முதல்ல குழியை நிரப்பு ராசா."

வேலை நடந்தது. மொக்கையன் மண்ணைத் தோண்டிக் குவித்தான். மருதாயி கல்லை உருட்டி ஒதுக்கினாள், குழியில் போட்ட மண்ணை மிதித்து இறுக்கினாள். முள்ளி ஒவ்வொரு வளைவாக நடந்து பார்த்து, "இங்க வழுக்குது, இங்க சாயுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளத்துக்கு மட்டும் சிங்காரம் யாரையும் விடவில்லை. நானே செய்கிறேன் என்று தட்டைக் கற்களைத் தேடிப் பிடித்து அடுக்கி, அந்தப் பக்கம் ஏற அழகழகாய்ப் படி கட்டினான். கட்டிவிட்டுப் பெருமையாக ஒதுங்கி நின்றான்.

முள்ளி பார்த்தாள். "படி நல்லாத்தான் இருக்கு. நான் எப்படிப்பா ஏறுறது?"

சிங்காரம் படியைப் பார்த்தான், அவள் காலைப் பார்த்தான், நெற்றியில் அடித்துக்கொண்டான். யாரும் சொல்லுமுன்னே அவனாகவே கல்லைப் பிரித்து, மண்ணைக் கொட்டிச் சரிவாக்கினான். பிறகு முள்ளியை இரண்டுமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தூக்கமே வந்தது.

தடம் தயாரானது. மறுநாள் விடியலுக்குள் மேலே போய்ச் சேர, முள்ளியும் கூரனும் மதியமே புறப்பட்டார்கள். முள்ளி நினைத்த இடத்தில் நின்றாள். ஓடையைக் கண்குளிரப் பார்த்தாள். ஒரு தும்மல் வந்தது, யாரையும் கேட்காமல் தும்மினாள். பாதி வழியில் மூங்கில் நிழலில் இரவு தங்கினார்கள்.

விடிய வெகுநேரம் இருக்கும்போதே கண் விழித்தால் அந்த நிழலில் அவர்கள் மட்டும் இல்லை. நிறைமாதக் கடமான் ஒருத்தி மூச்சு வாங்கப் படுத்திருந்தாள். கண் மங்கிய காட்டுப்பன்றி ஒருவர் தடத்தின் ஓரத்தைக் காலால் தடவித் தடவி வந்து சேர்ந்திருந்தார். குளத்து ஆமை முந்தின நாளே புறப்பட்டுவிட்டதாம். வழி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த சிங்காரம் திகைத்துப் போனான்.

"நீங்கல்லாம் எந்தக் காட்டுலருந்து வர்றீங்க?"

"இதே காடுதான்" என்றது ஆமை. "நீ கூவுறது வருஷா வருஷம் எனக்குக் கேக்கும். நீ மேலயே பாத்துக் கூவுன. நாங்க கீழ இருந்தோம்."

சிங்காரம் காட்டுப்பன்றியின் பக்கத்தில் போய், "முன்னால ஒரு வளைவு வருது பெரியவரே, இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

எல்லாருமாக மேகப்பாறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஒன்றும் தெரியவில்லை. அன்று பார்த்துப் பனிமூட்டம் பாறையையே மூடிக்கொண்டு நின்றது. பக்கத்தில் நிற்பவர் முகமே மங்கலாய்த் தெரிந்தது. கூரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை பாடுபட்டு வந்தவளுக்கு இதுவா கிடைக்க வேண்டும் என்று நொந்துகொண்டான். சிங்காரம் கையைப் பிசைந்தான்.

"மன்னிச்சிருங்கக்கா. இன்னைக்குன்னு பாத்து இப்படி ஆயிருச்சு."

"அதுக்கு நீ என்னப்பா பண்ணுவ?" என்றாள் முள்ளி. அவள் குரலில் வருத்தமே இல்லை. குளிரில் உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு, கூரனைப் பார்த்துச் சொன்னாள்.

"எந்திரிங்க. மூங்கில் நிழல்ல போய்ப் படுத்துட்டு நாளைக்கு வருவோம்."

கூரன் அவளையே பார்த்தான். மேகப்பாறையைப் பற்றிப் பேசும்போது அவள் வாயில் 'நாளைக்கு' என்ற சொல்லை அவன் கேட்டதே இல்லை. தூக்கிச் சுமந்து கொண்டுவந்திருந்தால் இன்றோடு முடிந்திருக்கும். நாளைக்கும் தூக்குங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வந்திருக்காது. இப்போதோ அவள் பக்கத்து மரத்தடிக்குப் போய் வருகிறவள் போல அதைச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். கூரனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் அவள் பின்னால் போனான்.

மறுநாளும் மூட்டம்தான். அதற்கடுத்த நாள் பாறைக்குக் கீழே மேகம் வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது. முள்ளியும் கூரனும் ஒருவர் முள் ஒருவரைக் குத்தாத அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவரைச் சுமந்து போய் ஒருநாள் காட்டுவதைவிட, அவரையே கேட்டு, அவர் நினைத்தபோதெல்லாம் தானே போய்வர வழி செய்து கொடுப்பதே மேலான அன்பு.