அணைந்த நேரங்கள்

"இது எப்போ அணையும்னு தெரியாமலே உசிரு போகுது டீச்சர்," என்றார் குற்றாலலிங்கம்.

டீச்சர் என்றதும் அவரைவிட மூத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெசிந்தாவுக்கு முப்பத்தோரு வயது. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். குற்றாலலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. தமிழில் டைப் அடிக்க அவளிடம்தான் கற்றுக்கொண்டார். அவள் சொல்லாமல் நாற்காலியில் உட்கார மாட்டார்.

விஷயம் இதுதான். குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஏழு தலைமுறைப் பெயர்களைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்று போன வருஷக் கொடையில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் பெயர். புத்தகம் வராவிட்டால் சொந்தக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது?

அடித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக் கம்ப்யூட்டர் பொக்கென்று அணைந்துவிடும். அடித்த பக்கம் போச்சு.

ஒருநாள் ஒரு தரம். ஒருநாள் மூன்று தரம். ஒருநாள் ஒன்றுமே ஆகாது. அந்த ஒன்றுமே ஆகாத நாள்தான் மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது. இப்போ போகுமோ, இப்போ போகுமோ என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்று முறை ஆட்டோ பிடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்தார். அவள் மேஜையில் அது மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அத்தனை சமர்த்தாக ஓடியது. வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுபடி அதே கூத்து.

மனுஷன் சும்மா இருப்பாரா? பெட்டிக்குத் திருநீறு பூசினார். ஊரைவிட்டு விரட்டப்பட்ட பூட்டன் ஒருவர் பெயரை அடிக்கும்போது ரெண்டு தரம் அணைந்ததால், அவர் கோபம்தான் இது என்று முடிவுகட்டி அவருக்கு ஒரு படையல் போட்டார். வடையும் பாயசமும் தீர்ந்தன. கம்ப்யூட்டர் அணைவது தீரவில்லை.

கடைசியில் ஒரு நோட்டுப் போட்டார். அணைந்த தேதி, கிழமை, மணி, அப்போது அடித்த பெயர், பக்கத்தில் ராகுகாலமா எமகண்டமா என்ற விவரம். ஒரு வாரத்துக்கு மேல் எழுதியபின் ஒருநாள் மூன்று தரம் அணைந்தது. அன்று சாயங்காலமே நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் ஓடிவந்துவிட்டார்.

ஜெசிந்தா நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அவசரப்படவில்லை.

"இந்த நேரத்துல எல்லாம் வீட்டுல வேற என்ன நடந்துச்சு சார்?"

"ஒண்ணும் நடக்கலையே. வீட்டுல நானும் என் வீட்டுக்காரியும்தானே."

அவள் நோட்டை மூடினாள்.

"நாளைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு விட்டுருங்க. அது முன்னால உக்காராதீங்க. வீட்டுக்குள்ள வேற எங்கயாவது போய் இருங்க. அது அணையும்போது உங்க கண்ணு முன்னால என்ன இருக்கோ, அதை எழுதுங்க."

குற்றாலலிங்கத்துக்குக் கோபம் வந்தது. இருக்கிறதே பன்னிரண்டு நாள், அதிலும் ஒரு நாளைப் பாழாக்கச் சொல்கிறீர்களே என்று அலுத்துக்கொண்டார். ஜெசிந்தா நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு எழுந்து போய்விட்டாள்.

ஆனாலும் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டார். அணைந்தால் காதில் விழ வேண்டுமே என்று அதிலேயே நாதஸ்வரத்தைச் சத்தமாக ஓடவிட்டார். அப்புறம் எங்கே போய் உட்காருவது?

சொந்த வீட்டில் உட்கார இடம் தெரியாமல் நின்றார், பாவம். அடுப்படிக்குப் போனார். மனைவி ஆவுடையம்மாள் ஏதும் வேண்டுமா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று பின்னறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கரண்ட் அடுப்பு இருந்தது. இது எப்போது அடுப்படியிலிருந்து இங்கே வந்தது? அவருக்குத் தெரியவில்லை.

பத்தரை மணிக்கு ஆவுடையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவரைக் கண்டதும் நின்றாள். ஏதோ மறந்துபோன மாதிரி திரும்பிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். இந்தத் தடவை திரும்பிப் போக அவளால் முடியவில்லை. தண்ணீர்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

முன்னறையில் நாதஸ்வரம் நின்றது.

பழைய வயரிங் வீடு. இந்த அடுப்பு கரண்டை இழுத்தால் அந்தப் பெட்டிக்குப் பத்தாது. அவ்வளவுதான் சங்கதி. பதினொரு நாள் மிச்சம், காரணமும் கிடைத்துவிட்டது, குற்றாலலிங்கம் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

அவர் எழுந்திருக்கவில்லை.

ஆவுடையம்மாள் தரையில் குந்தி, தலையோடு போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடித்தாள். போர்வைக்குள் முதுகு ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் விசில் அடித்தது. அவளுக்கு மூச்சிளைப்பு உண்டென்று அவருக்குத் தெரியும். மழைக்காலத்தில் வரும், போகும் என்றுதான் நினைத்திருந்தார். இது பங்குனி வெயில்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"கொடை முடியட்டும்னு இருந்தேன். ஆஸ்பத்திரின்னு போனா உங்க புஸ்தகம் நின்னு போயிரும்லா."

அவர் நோட்டைத் திறந்தார். டீச்சர் சொன்னபடி எழுதத்தான் திறந்தார். பேனா ஓடவில்லை. ஏற்கெனவே எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கத்தில் தரையில் இறங்கி உட்கார்ந்து மெதுவாக வாசித்தார்.

"போன திங்கக்கிழமை, பத்தே முக்கால்?"

போர்வைக்குள்ளிருந்து, "ஆமா."

"வியாழக்கிழமை ரெண்டு தடவையா?"

"ஆமா."

"நேத்து..." அவர் பக்கத்தைத் திருப்பினார். "நேத்து மூணா?"

ஆவுடையம்மாள் மூச்சை இழுத்து விட்டாள்.

"நாலு. ஒருக்க நீங்க டீச்சரைப் பாக்கப் போயிருந்தீய."