மங்கோலியாவுக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த திருமலைக்கொழுந்து, உட்கார்ந்ததிலிருந்து மங்கோலியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தானாம். எதிரே காபியோடு நின்ற மங்கையர்க்கரசியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவளுக்குக் கை கடுத்தது. அப்பாவோ, வெளிநாட்டு மாப்பிள்ளை கிடைத்த மிதப்பில், இன்றைக்கே தட்டு மாற்றிவிட வெற்றிலை பாக்கை எடுத்து வைத்துவிட்டார்.

“நான் போறப்ப அங்க ஏ, பி, சி தெரிஞ்ச ஆளே கிடையாது. ஒரே வாரம்! ஊரே கனவுகூட இங்கிலீஷ்லதான் கண்டுச்சு.”

“அடுத்தவன் கனவு உங்களுக்கு எப்படி மாப்ளே தெரியும்?” என்றார் அரசியின் தாய்மாமன் சுடலைமுத்து.

“கனவுலயும் நான்தானே மாமா கிளாஸ் எடுத்தேன்!”

அரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

“குதிரைக்கு ‘ப்ளீஸ்’ சொன்னாத்தான் நடக்கும். ஓநாய்கூட ‘எக்ஸ்க்யூஸ் மீ’ சொல்லிட்டுத்தான் ஆட்டைத் தூக்கும்.”

“ஆடு சும்மாவா இருக்கும்?”

“‘தேங்க்யூ’ சொல்லும். மரியாதை முக்கியம்னு சொல்லிக்கொடுத்திருக்கேன்ல!”

மாமா வாயிலிருந்த பஜ்ஜியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார். அப்பா மட்டும் “அடேயப்பா!” என்று வாயைப் பிளந்தார். சொந்த மகள் பேச்சை ஒருநாளாவது இப்படிக் காதுகொடுத்துக் கேட்டிருப்பாரா மனிதர்?

“பொறக்குற பிள்ளை அழுறதில்ல மாமா. டாக்டரைப் பாத்து ‘குட்மார்னிங் சார்’ங்குது. சாயங்காலம் பொறந்தா ‘குட் ஈவினிங்’. மாத்திச் சொல்லவே சொல்லாது.”

“அப்ப தட்டை மாத்திடுவோமா?” என்று அப்பா எழுந்தேவிட்டார்.

“பொண்ணும் ஏதாவது கேக்கணும்னா கேக்கட்டுமே” என்று மாப்பிள்ளையின் அம்மா பேச்சுக்குச் சொல்லிவைத்தாள். அப்படிச் சொன்னால் பெண் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட வேண்டும். அதுதான் வழக்கம். அரசி போகவில்லை.

“‘நோ’ங்கிற வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தீங்களா?”

கொழுந்து அப்போதுதான் அவளைப் பார்த்தான். முகமெல்லாம் பல்.

“என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! அந்த ஒரு வார்த்தையை நான் நடத்தின நடத்துல, மலையைப் பாத்து எதைக் கத்தினாலும் எதிரொலி ‘நோ’ன்னுதான் வருது. அதுக்கு அர்த்தம் என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் உலகத்துலயே கிடையாதுங்க!”

“நல்லதாப் போச்சு. அப்ப விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல” என்றாள் அரசி. “நோ.”