கரும்பலகையில் மயில்

ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மயில் இருந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் அதனோடு படம் எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். துணைவேந்தரை விடத் தன்னைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும் என்று மயில் நினைத்தது. அது முழுப் பொய்யும் இல்லை.

அந்த வருஷம் கணினிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த முட்புதரை வெட்டி மாணவர்கள் தோட்டம் போட்டார்கள். துறைக்கு ஒரு பாத்தி. கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை. ஏ.சி. பெட்டிகளிலிருந்து சொட்டும் தண்ணீர் வீணாகாமல் ஒரு தொட்டியில் விழுந்தது. கோடையில் வளாகத்துக் குளம் வற்றியபோது, எல்லா உயிர்களும் அந்தத் தொட்டிக்குத்தான் வந்தன. யாரும் விரட்டவில்லை.

வகுப்பறையில் கழித்துப் போட்ட கரும்பலகை ஒன்று தோட்டத்து வாசலில் நின்றது. திங்கட்கிழமைதோறும் ரெஜினா என்ற மாணவி, அந்த வாரம் தோட்டத்துக்கு உதவிய உயிரைச் சாக்கட்டியால் அதில் வரைவாள். முதல் வாரம் மண்புழு. அடுத்த வாரம் தேனீ. மயில் அலட்டிக்கொள்ளவில்லை. தன்னை வரைய வண்ணச் சாக்கட்டி தேடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தது.

மூன்றாம் வாரம் தேரை! உடைந்த பூச்சட்டிக்குள் குடியிருக்கும், உடம்பெல்லாம் சொரசொரப்பான தேரை!

மயிலுக்கு வயிறு எரிந்தது. "அணிலே, அந்த மூஞ்சிக்கு ஒரு படமா?" என்று கேட்டது.

அணில் நூலகக் கூரையில் பிறந்து வளர்ந்தது. எழுத்து படிக்கத் தெரியும். "‘பூச்சி தின்று பயிர் காத்த தேரைக்கு நன்றி’ என்று எழுதியிருக்கிறது, அண்ணே!"

"நான் ஆடினால் கூட்டம் கூடும்! அது என்ன செய்யும்? சும்மா உட்கார்ந்திருக்கும்!"

"உட்கார்ந்தபடியே பூச்சி தின்னும், அண்ணே."

மறுநாள் மாணவர்கள் தேரையைப் பார்க்கக் கூட்டமாக வந்தார்கள். மயில் அவர்கள் முன்னால் போய்த் தோகையை விரித்தது. "கொஞ்சம் தள்ளிக்கோ மயிலு! தேரை தெரியல!" என்றாள் ஒருத்தி.

அன்றைக்கு மயிலுக்குத் தானியம் இறங்கவில்லை. பொருமிப் பொருமி ஒரு யோசனை செய்தது. சாயங்காலம் பூச்சட்டியருகே போய்க் குரலைத் தாழ்த்திப் பேசியது.

"தம்பி, விலங்கியல் துறையில் அடுத்த வாரம் செய்முறைத் தேர்வாம்! ஆளுக்கொரு தேரையை அறுக்க வேண்டுமாம்!"

"ஐயோ! என்னை அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"பைத்தியமே! அந்தப் பிள்ளைகள் எதையும் முதலில் படம் வரைவார்கள். அப்புறம்தான் கத்தியை எடுப்பார்கள். உன் படத்தை எதற்கு வரைந்தார்கள் என்று நினைத்தாய்?"

தேரை அதை அப்படியே நம்பிவிட்டது. அந்தப் பூச்சட்டியைத் தவிர அதற்கு வேறு வீடு இல்லை. "சொன்னதற்கு நன்றி, மயிலண்ணே! உங்களை மறக்க மாட்டேன்!" என்று அழுதுகொண்டே விடுதிச் சாக்கடைப் பக்கம் தாவித் தாவிப் போனது.

மயிலுக்கு நெஞ்சு குளிர்ந்தது. 'பூச்சி தின்றால்தான் படமா? நானும் தின்கிறேன்!' என்று விடிந்ததும் பாத்திக்குள் இறங்கியது. நாலு பூச்சி தின்றது. கூடவே நாற்பது கீரைக்கொழுந்தையும் தின்றது. தக்காளி கண்ணில் பட்டது. அதையும் விடவில்லை. அதன் நீளமான தோகை பட்டு வெண்டைச் செடிகள் சாய்ந்தன.

இன்னொன்றை அந்த மயில் யோசிக்கவே இல்லை. இலை தின்னும் புழுக்கள் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். அந்த நேரத்தில் தேரை விழித்திருக்கும். மயிலோ வேப்பமரத்தில் ஏறிச் சுகமாகத் தூங்கும். ஐந்தே நாளில் கத்தரி இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. மாணவர்கள் குனிந்து பார்த்தார்கள். மண் முழுக்க மயிலின் கால்தடம்.

திங்கட்கிழமை வந்தது. கரும்பலகையில் மயில்! கொண்டை முதல் தோகை வரை, பலகை முழுக்க மயில்!

"பார்த்தாயா அணிலே! பார்த்தாயா!" மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. பலகை முன்னால் நின்று சுற்றிச் சுற்றி ஆடியது. "கீழே என்ன எழுதியிருக்கிறது? உரக்கப் படி! எல்லாருக்கும் கேட்கட்டும்!"

அணில் படித்தது. "‘மயில் பயிரை அழிக்கிறது. வலைக்கதவை மூடி வைக்கவும்.’"

மயில் திரும்பிப் பார்த்தது. அது ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் மாணவர்கள் தோட்டத்தைச் சுற்றி வலை கட்டி முடித்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி வலைக்கு உள்ளே இருந்தது.

தேரை இல்லாததால்தான் பயிர் போனது என்று புரிந்த அணில், விடுதிப் பக்கம் ஓடித் தேரையைத் தேடிப் பிடித்து, ஓடிப்போன காரணத்தைக் கேட்டறிந்தது. "அசட்டுத் தேரையே! விலங்கியல் துறையில் அறுப்பதெல்லாம் எப்போதோ நின்றுபோச்சு! இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான்! வீட்டுக்கு வா!"

தேரை வந்தது. வலையின் கண்கள் சின்னவை. ஆனாலும் ஒரு தேரை நுழையப் போதும். உள்ளே போய்த் தொட்டியோரம் உட்கார்ந்தது. வெளியே, வெயிலில் அலகைத் திறந்துகொண்டு மயில் நின்றது.

"தம்பி... நாக்கு வறண்டு போச்சு. எனக்கு ஏன் இப்படி ஆச்சு?"

தேரை கரும்பலகையைப் பார்த்தது. பிறகு மயிலைப் பார்த்தது.

"முதலில் படம் வரைவார்கள், அப்புறம்தான் ஆபத்து என்று நீங்கள்தானே சொன்னீர்கள், மயிலண்ணே! உங்கள் படத்தைப் பார்த்ததும் நீங்களும் ஓடியிருக்க வேண்டாமா?"

மயில் தோகையை இழுத்துக்கொண்டு, தண்ணீர் தேடி வளாகத்தின் வாசல் பக்கம் மெல்ல நடந்தது.

பிள்ளைகளே, அடுத்தவருக்குக் கிடைத்த பாராட்டைப் பொறுக்காமல் அவர் இடத்தைப் பறிக்கப் போகிறவர், தமக்கென்று இருந்த இடத்தையும் இழந்துவிடுவார்.