பதினான்காம் இதழின் கூப்பன்

கோவை உக்கடத்தில் பர்வீன் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள ஒரு சீடர் வந்து சேர்ந்தார். பெயர் மருதாசலம், வயது ஐம்பத்தொன்பது. குருவைவிடச் சீடருக்கு இருபத்துமூன்று வயது கூடுதல். அதைப் பற்றி அவர்கள் இருவருக்கும் கவலையில்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு.

மருதாசலம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் விசில் ஊதிய மனிதர் இப்போது ஞாயிறுதோறும் கடையில் உட்கார்ந்து பழைய காமிக்ஸ் இதழ்களை முகர்ந்துகொண்டிருந்தார். முதல் பதிப்பின் காகிதம் ஒரு வாசனை, மறுபதிப்பு வேறு வாசனை. தைத்த பின்னூசி துருப்பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தே பிற்பாடு அட்டை மாற்றியதா இல்லையா என்று சொல்லிவிடலாம். எல்லாம் பர்வீன் சொல்லிக்கொடுத்தது. எந்தப் புத்தகத்தையும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் விலை போட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

சம்பளம் கிடையாது. பர்வீனின் அப்பா காலத்திலிருந்து கடையில் ஒரு வழக்கம். வந்திறங்கும் புத்தக மூட்டைகளைப் பிரித்துக் கொடுப்பவர் வருடத்துக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். எது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்த பிறகு அதன் விலையைப் பற்றிக் கடைக்காரர் வாய் திறக்கக் கூடாது.

முதல் வருடம் மருதாசலம் எதையும் எடுக்கவில்லை. இரண்டாம் வருடமும் எடுக்கவில்லை.

"என்னங்ணா, ஒண்ணுகூடப் புடிக்கலீங்களா?" என்று கேட்டார் பர்வீன்.

"நான் தேடறது இன்னும் வரலீங்க அம்மிணி."

தேடியது 'சாம்பல் நரி' பதினான்காம் இதழ். முகமூடி போட்ட ஒருவன் ஊர் ஊராகப் போய்த் திருடர்களைப் பிடிக்கும் கதை. பதினான்காம் இதழின் கடைசிக் கட்டத்தில்தான் அவன் முகமூடியைக் கழற்றுவான்.

அந்தக் கட்டத்துக்குப் பின்பக்கம் ஒரு கூப்பன் அச்சிட்டிருந்தார்கள். வெட்டி அனுப்பினால் முதல் நூறு பேருக்கு அட்டை முகமூடி இலவசம். கூப்பனை வெட்டினால் கதையின் முடிவும் கூடவே போய்விடும் என்று அச்சிட்டவர்களுக்கும் தோன்றவில்லை, வெட்டியவர்களுக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் ஊரிலிருந்த பிரதிகளில் எல்லாம் கடைசித் தாளில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை.

பத்து வயது மருதாசலமும் வெட்டினார். வாங்கி வந்த கையோடு, வீட்டில் ஒருவரும் படிக்கும் முன்பே வெட்டினார். எட்டு வயதுத் தம்பி ரத்தினம் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பொறுண்ணா, படிச்சுட்டு வெட்டலாம்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கத்தரிக்கோல் வேலையை முடித்துவிட்டது. துண்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டு அன்றைக்கே தபாலில் அனுப்பியும்விட்டார்.

முகமூடி வந்தது. ஒரே மழையில் ஊறிப் பிய்ந்தும் போனது. ஓட்டை மட்டும் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வழியில் ரத்தினம் தினம் ஒரு முடிவு சொல்லுவான். ஒரு நாள் நரி போலீஸ்காரர், ஒரு நாள் தபால்காரர், ஒரு நாள் மளிகைக்கடைச் செட்டியார். ஒரு நாள் நின்று யோசித்துவிட்டு, "நரி நீதாண்ணா" என்றான்.

அந்தத் தம்பி இப்போது திருப்பூரில் இருக்கிறார். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் வீட்டைப் பாகம் பிரிக்கும்போது வார்த்தை தடித்துவிட்டது. "உனக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுடா, விட்டெறியறேன்" என்று மருதாசலம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார். ரத்தினம் ஒரு பைசா வாங்கவில்லை. பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, ஓட்டை விழுந்த அந்தப் பதினான்காம் இதழை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

இந்தக் கதையைப் பர்வீன் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். ஒரு தடவைகூட 'தெரியுங்ணா, சொல்லிட்டீங்க' என்று சொன்னதில்லை.

மூன்றாம் வருடம் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வந்த மூட்டையில் அது இருந்தது. மேசைக்காலில் கயிறு போட்டுக் கட்டியிருந்த கத்தரிக்கோலால் மருதாசலம் சணலை வெட்டினார். மேலே நாலைந்து மருத்துவப் புத்தகங்கள், அடியில் ஓர் அட்டையின் ஓரத்தில் சாம்பல் நிற வால் ஒன்று எட்டிப் பார்த்தது. பர்வீன் கடைசித் தாளை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கினார். கூப்பன் முழுசாக இருந்தது.

மருதாசலம் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். "இந்த வருசத்துக்கு எனக்கு இதுங்க அம்மிணி."

"எடுத்துக்குங்க. நரி யாருன்னு பாக்கலீங்களா?"

"இல்லீங்க. ரத்தினத்தோட உக்காந்துதான் பாக்கோணும். வர்ற ஞாயித்துக்கெழமை கடைக்கு வர மாட்டனுங்க. திருப்பூர் போறேன்."

அந்த வெள்ளிக்கிழமை, 'சாம்பல் நரி' சினிமாவாக வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் கடையில் இருந்தார்.

"திருப்பூர்?" என்றார் பர்வீன்.

"அடுத்த வாரம் போலாமுங்க. இங்க நெலவரம் எப்படின்னு சும்மா பாத்துட்டு..."

நிலவரம் நன்றாகத்தான் இருந்தது. முன்னூறு ரூபாய்க்குச் சீந்துவாரில்லாமல் கிடந்த நரி இதழ்கள் மூவாயிரத்துக்குப் போயின. போஸ்டர் வந்தது, எட்டாயிரம் ஆனது. டீசர் வந்தது, பதினைந்தாயிரம் ஆனது. கதாநாயகனுக்குக் கால் சுளுக்கிப் படப்பிடிப்பு நின்ற மாதம் விலையும் நொண்டியது. பிறகு இயக்குநர் ஒரு பேட்டியில், 'எங்கள் க்ளைமாக்ஸ் பதினான்காம் இதழில் இருக்கிறது' என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான். ஓட்டை விழாத பிரதிக்கு நாற்பதாயிரம் என்று ஊர் ஊராக ஆள் விட ஆரம்பித்தார்கள்.

மருதாசலத்தின் வீடு சிங்காநல்லூரில். ஞாயிறுதோறும் அங்கே பஸ் ஸ்டாண்டில், "திருப்பூர், திருப்பூர்" என்று கண்டக்டர் கூவுவார். முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் தானும் கூவிய மனிதர், காதில் விழாதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதினான்காம் இதழ் இருக்கும் மஞ்சள் பையோடு உக்கடம் வண்டியில் ஏறுவார். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் திருப்பூர் வண்டி கிளம்பிப் போவதைக் கண்ணிலிருந்து மறையும்வரை பார்ப்பார். எட்டு மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குருவிடம் கேட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகமுங்க அம்மிணி. அதே காயிதம், அதே மை, அதே துரு. போன வருசம் முன்னூறு, இப்ப நாப்பதாயிரம். புஸ்தகத்துக்குள்ள அப்படி என்னங்க மாறுச்சு?"

பர்வீன் வெளியே எட்டிப் பார்த்தார். வாசலில் ஒரு கார் வந்து நின்றிருந்தது.

"சித்த உக்காந்து பாருங்ணா" என்றார்.

காரிலிருந்து இறங்கியவர் சென்னைக்காரர். கழுத்தில் கண்ணாடி, கையில் இரண்டு போன். "மேடம், நரி பதினாலு இருக்கா? நாப்பது வரைக்கும் தரலாம்."

"நரி யாருன்னு தெரியுங்களா?" என்று கேட்டார் பர்வீன்.

"எந்த நரி?"

"புஸ்தகத்துல வர்ற நரி. முகமூடிக்குப் பின்னால இருக்கறது யாரு?"

வந்தவர் சிரித்தார். "அதெல்லாம் நாங்க பிரிச்சுப் பாக்க மாட்டோம் மேடம். பிரிச்சா மடிப்பு விழும், மடிப்பு விழுந்தா ரேட் விழும். அப்படியே கவர்ல போட்டு சீல் வெச்சுடுவோம். படம் ரிலீஸ் ஆகறதுக்கு மொத நாள் கை மாத்திடணும்."

"ஏன் மொத நாள்?"

"மறுநாள் படம் எப்படின்னு தெரிஞ்சிடுமே!"

இல்லை என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார் பர்வீன். கார் திரும்பிப் போனதும் மருதாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தீங்களா அம்மிணி? நாப்பதாயிரம் குடுப்பானாம், நரி யாருன்னு தெரியாதாம்!"

பர்வீன் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுங்களாண்ணா?"

மருதாசலத்தின் சிரிப்பு நின்றது.

"பைல இருக்கறத எடுங்க" என்றார் பர்வீன்.

மருதாசலம் மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். பின்னால் அட்டை கொடுத்து, கண்ணாடிக் கவரில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது. அவரே ஒட்டியது. குமிழி விழாமல் மிக நேர்த்தியாக ஒட்டியிருந்தார்.

பர்வீன் அந்த டேப்பின் மேல் விரலை ஓட்டினார்.

"படம் வர்ற சமயத்துல வித்து, மொத்தப் பணத்தையும் ரத்தினம் கையில குடுத்துட்டா..." என்று இழுத்தார் மருதாசலம்.

"வாங்குவாருங்களா?"

"மூஞ்சியிலயே விட்டெறிவான்." மருதாசலம் யோசித்தார். "புஸ்தகத்தையே முழுசாக் குடுத்துட்டா?"

"என்ன விலை போகுதுன்னு அவருக்கும் தெரியுமில்லீங்களா?"

"திருப்பூர் முச்சூடும் போஸ்டர்தானுங்களே. தெரியாம இருக்குமா? காசக் காட்ட வந்துட்டான்னுதான் நெனைப்பான்." மறுபடி யோசித்தார். "கடைசிக் கட்டத்த மட்டும் போட்டோ புடிச்சு அனுப்பிச்சா?"

"அன்னைக்கு நீங்க வெட்டுனது போட்டோவைங்களா?"

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு அவனோட ஒரே ஒரு தடவ உக்காந்து இதப் படிக்கோணும் அம்மிணி. வேற ஒண்ணுமே வேண்டாம். அம்பது வருசமா அதுதான் ஆசை. ஆனா இப்ப இதக் கையில எடுத்தா நாப்பதாயிரம்னுதான் தோணுது. முன்னெல்லாம் இந்த அட்டையப் பாத்தா அவன் மொகம் தெரியும். இப்பத் தெரிய மாட்டேங்குது."

பர்வீன் குனிந்தார். மேசைக்காலில் கத்தரிக்கோலைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். அவருடைய அப்பா போட்ட முடிச்சு, லேசில் அவிழவில்லை. அவிழ்த்து எடுத்து, கத்தரிக்கோலைக் கவரின் மேல் வைத்தார்.

மருதாசலம் அதைத் தொடவில்லை.

"உங்க தம்பிகிட்ட மீதிப் பக்கமெல்லாம் இருக்குதில்லீங்களா?"

"இருக்கும். ஓட்டையோட."

"அப்ப அவருக்கு வேண்டியது எத்தாப் பெருசுங்ணா?"

மருதாசலம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். தீப்பெட்டி அளவு. விரித்த விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"வெட்டிப்போட்டா அப்புறம் இது என்ன விலைங்க போகும்?"

"எடுத்த புஸ்தகத்துக்கு நான் விலை சொல்லக் கூடாதுங்ணா."

தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியில் படத்தின் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. பின்பக்கத் தட்டியில் நரியின் முகமூடி பெரிசாகப் பல்லிளித்தது. அது முக்குத் திரும்பும்வரை மருதாசலம் காத்திருந்தார்.

"ஒண்ணு பண்ணலாமுங்களா அம்மிணி? இன்னும் ரெண்டு மாசந்தான். படம் வந்து போகட்டும். இந்த ஆட்டமெல்லாம் அடங்கட்டும். அப்புறம் நிதானமா வெட்டி எடுத்துக்கிட்டுப் போறனே. கொஞ்சம் பொறுத்துத்தான் பாப்பமே?"

பர்வீன் அவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு உங்க தம்பி பொறுக்கச் சொன்னாரு, நீங்க பொறுக்கலை. இன்னைக்கு உங்களை யாருங்ணா பொறுக்கச் சொன்னது?"

மருதாசலம் கத்தரிக்கோலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நகத்தால் டேப்பின் நுனி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.